பாட்டில் பீருக்கு எந்தச் சர்க்கரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் தமிழர்கள் சிறு கூட்டமாகத்தான் இருக்கிறோம். டப்பா கிட் வாங்கி, வாளியில் நொதிக்கவிட்டு, பாட்டிலில் அடைக்கும் நாள் வந்ததும் போனில் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: எந்தச் சர்க்கரை போடுவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிடத் தொகுத்து வைப்பது எனக்குச் சௌகரியம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கீழே ‘சீனி’ என்று வருவது கடை வெள்ளைச் சீனி. ‘சர்க்கரை’ என்பது எல்லா வகைக்கும் பொது. இங்கே விற்கும் 40 பைண்ட் கிட்கள் 23 லிட்டர் தருவதால் கணக்குகள் எல்லாம் அந்த அளவுக்கே.

பீர் நொதிச்சு முடிஞ்சாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடியும் சர்க்கரை?

வாளியில் நொதிக்கும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி ஏர்லாக் (கேஸை வெளியே மட்டும் விடும் மூடி அடைப்பான்) வழியாக வெளியே போய்விடுகிறது. மிஞ்சுவது சப்பென்ற பீர். அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடியை அழுத்திவிட்டால், பீரில் மிதந்துகொண்டிருக்கும் யீஸ்ட் அதைத் தின்று மறுபடி கேஸ் உண்டாக்கும். இம்முறை வெளியேற வழியில்லாததால் கேஸ் பீருக்குள்ளேயே கரைந்து நிற்கும். இதைத்தான் பிரைமிங் என்கிறோம்.

ஷாம்பெயின் தயாரிப்பதும் இதே வழியில்தான். 1830களில் பிரான்சின் சாலோன் நகரத்து மருந்தாளுநர் ஃபிரான்சுவா, ஒயினில் எவ்வளவு சர்க்கரை இருந்தால் எவ்வளவு அழுத்தம் வரும் என்று கணக்குக் காட்டும்வரை, அங்கே நிலவறைகளில் பாட்டில்கள் வெடிப்பது சாதாரணம். நம் கவலையும் அதுவேதான்.

வீட்ல இருக்கிற சீனியே போதுமா, இல்ல கடையில விக்கிற புரூயிங் சுகர்தான் வாங்கணுமா?

சீனியே போதும். புரூயிங் சுகர் என்று பையில் வருவது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். சீனி என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டியிருக்கும் சுக்ரோஸ். யீஸ்ட் தன் நொதியால் அதை இரண்டாக வெட்டிவிட்டுச் சாப்பிடுகிறது. அந்த வெட்டும் வேலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வித்தியாசம் எடையில் மட்டும்தான். கடையில் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோஸ் துகளில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் பிணைந்திருக்கும். எனவே 100 கிராம் சீனிக்குப் பதில் 110 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் போட வேண்டும். விலை கூடியதையும் வாங்கி, கூடுதலாகவும் போட வேண்டும். எனக்கு இதில் ஒரு லாபமும் தெரியவில்லை. ஏற்கெனவே அலமாரியில் ஒரு பை இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

சீனி போட்டா பீர் சைடர் மாதிரி ஆயிடும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். உண்மையா?

சைடர் என்பது ஆப்பிள் மது. அந்தப் பேச்சுக்கு ஒரு பின்னணி உண்டு. பழைய மலிவு கிட்களில் ஒரு டப்பா மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறோடு ஒரு கிலோ சீனியைக் கொட்டி நொதிக்க வைப்பார்கள். நொதிக்கும் சர்க்கரையில் பாதிக்கு மேல் சீனியாகவே இருந்தது. மால்ட் குறைவு, யீஸ்ட் பாக்கெட் பழசு, அறை வெப்பத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. வந்த பீர் நீர்த்துப்போய்க் காரமாக இருந்தது. பழி முழுவதும் சீனி தலையில் விழுந்தது.

பிரைமிங்குக்கு நாம் பெரும்பாலும் போடுவது 23 லிட்டருக்கு நூற்றைம்பது கிராமுக்கும் குறைவு. அந்த அளவில் சீனிக்கும் டெக்ஸ்ட்ரோஸுக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியாது. பீரில் சர்க்கரை என்றாலே கலப்படம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனில் மதுவாலைகள் சர்க்கரை பயன்படுத்த 1847லேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. பீப்பாயில் வரும் ஏல் வகை பீரில் சர்க்கரைக் கரைசல் விடுவது இங்கே நெடுநாள் வழக்கம்.

சரி, கதை வேண்டாம். எத்தனை கிராம்?

ஒரு லிட்டர் பீருக்கு 4 கிராம் சீனி போட்டால் ஒரு வால்யூம் கேஸ் கிடைக்கும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஒரு வால்யூம் என்றால் ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பது. எடையில் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஷாம்பெயினுக்கு லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை விட்டு 6 வளிமண்டல அழுத்தம் எடுப்பதும் இதே விகிதம்தான்.

அடுத்து, எத்தனை வால்யூம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் பிட்டருக்கு 1.5 முதல் 2 வரை. அமெரிக்கன் பேல் ஏலுக்கும் லாகருக்கும் 2.4 பக்கம், ஜெர்மன் கோதுமை பீருக்கு 3.3க்கு மேல். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் கேஸ் கரைந்திருக்கும்; 20 டிகிரி செல்சியஸில் அது 0.86 வால்யூம். அதைக் கழிக்க வேண்டும்.

ஆக, பேல் ஏலுக்கு: 2.4 கழித்தல் 0.86, மீதி 1.54. அதை 4ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 6.2 கிராம். 23 லிட்டருக்கு 142 கிராம் சீனி, அல்லது 156 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். பிட்டருக்கு 1.8 வால்யூம் வைத்தால் 86 கிராம் சீனியோடு முடிந்துவிடும். கிட் பெட்டியில் ‘பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன்’ என்று எழுதியிருப்பதை நம்பிப் பிட்டரை சோடா ஆக்கியவர்கள் ஏராளம்.

அந்த 20 டிகிரி எந்த 20 டிகிரி? நொதிச்சப்ப இருந்ததா, இப்ப பீர் இருக்கிறதா?

இதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். நொதித்தல் ஓய்ந்த கட்டத்திலோ அதற்குப் பிறகோ பீர் தொட்ட மிக உயர்ந்த வெப்பநிலையை எடுங்கள். வெப்பம் கூடினால் கேஸ் வெளியேறும். பிறகு பீரைக் குளிரவைத்தாலும், போன கேஸ் திரும்ப வராது. உண்டாக்க யீஸ்ட்டுக்கு உணவு தீர்ந்துவிட்டது.

லாகர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 11 டிகிரியில் நொதித்து, கடைசியில் 18 டிகிரிக்கு ஏற்றி, அப்புறம் 2 டிகிரியில் ஒரு மாதம் வைத்திருக்கிறீர்கள். இலக்கு 2.5 வால்யூம். இணையக் கணக்குப் பெட்டியில் 2 டிகிரி என்று கொடுத்தால், பீரில் 1.6 வால்யூம் ஏற்கெனவே இருப்பதாக நினைத்து 83 கிராம் சீனி சொல்லும். 18 டிகிரி என்று கொடுத்தால் இருப்பு 0.9தான், தேவை 147 கிராம். முதல் கணக்கில் போனவர் சப்பென்ற லாகரைக் குடித்துவிட்டு, சீனி சரியில்லை என்பார்.

கிராம் தராசு இல்ல. டீஸ்பூன் கணக்குல சொல்ல முடியாதா?

சொல்ல மாட்டேன். பொடிச் சீனி, பரல் சீனி, டெக்ஸ்ட்ரோஸ் மூன்றும் ஒரே கரண்டியில் மூன்று எடை. சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிட்டின் விலையைவிடக் குறைவு.

பாட்டில் பாட்டிலா சீனி போடுறது நல்லதா, மொத்தமா கலந்துடலாமா?

மொத்தமாகக் கலப்பதே மேல். அளந்த சீனியை 300 மில்லி தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். அதைக் கிருமிநீக்கம் செய்த இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, பீரை அதன்மேல் சைஃபன் குழாயால் இறக்குங்கள். குழாயின் நுனி அடியிலேயே இருக்கட்டும். பீர் மேலிருந்து சலசலவென்று விழுந்தால் காற்று கலந்து, சில வாரங்களில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். சுழன்று இறங்கும்போதே பாதி கலந்துவிடும்; பிறகு சுத்தமான நீளக் கரண்டியால் மெதுவாக இரண்டு மூன்று சுற்று.

இரண்டாவது வாளி இல்லாதவர்களுக்கு 500 மில்லி பாட்டிலுக்கு 3 கிராம் என்ற கணக்கு பேல் ஏலுக்குச் சரிவரும். ஐம்பது பாட்டில் வாயில் ஒட்டும் சீனியை இறக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

கார்பனேஷன் டிராப்ஸ்னு மிட்டாய் மாதிரி விக்கிறாங்களே?

சர்க்கரையை உருண்டையாக்கி விற்கிறார்கள், வேறொன்றுமில்லை. கூப்பர்ஸ் நிறுவனத்தின் டிராப்ஸில் 375 மில்லி பாட்டிலுக்கு ஒன்று, 750க்கு இரண்டு என்று சொல்லியிருப்பார்கள். வேலை சுலபம். ஆனால் பிட்டருக்கும் கோதுமை பீருக்கும் ஒரே அளவு கேஸ்தான் வரும். 500 மில்லி பாட்டிலுக்கு ஒன்று போட்டால் குறைவு, இரண்டு போட்டால் அதிகம். பிரிட்டனில் நம் கையில் இருப்பதெல்லாம் 500 மில்லி என்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை.

தேன் போடலாமா? பிரவுன் சுகர்? ஐசிங் சுகர்?

தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. சீனிக் கணக்கை 1.3ஆல் பெருக்குங்கள், 142 கிராம் இடத்தில் 185 கிராம். இந்த அளவில் தேனின் மணம் பீரில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருக்கும் சர்க்கரை முழுவதையும் யீஸ்ட் தின்றுவிடும். மிஞ்சும் வாசனையை 23 லிட்டரில் தேட வேண்டும். பிரவுன் சுகரும் டெமராராவும் சீனியேதான், கொஞ்சம் மொலாசஸ் பூச்சோடு. அதே எடை போடுங்கள். ஐசிங் சுகர் வேண்டாம். கட்டிபிடிக்காமல் இருக்க ஸ்டார்ச் போன்றவற்றைக் கலந்திருப்பார்கள்.

அண்ணை, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி கொண்டுவந்து வச்சிருக்கிறன். அது சரிவருமோ?

சரிவரும், ஆனால் எனக்கு மனம் வராது. பனங்கட்டியிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதனால் யீஸ்ட் மறுக்காது. சிக்கல் என்னவென்றால், ஈரமும் நொதிக்காத பொருள்களும் எவ்வளவு என்பது கட்டிக்குக் கட்டி மாறும். மழைக்காலத்தில் கசிந்த கட்டியும் நன்றாகக் காய்ந்த கட்டியும் ஒரே எடையில் ஒரே கேஸ் தராது. கடைக் கருப்பட்டியில் சீனி கலந்திருந்தால் கணக்கு இன்னொரு பக்கம் போகும். ஆகவே கூட்டிப் போடாதீர்கள். சீனிக்குச் சொன்ன அதே கிராம் போட்டு, கேஸ் சற்றுக் குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள். கொதிக்கவைத்து வடிகட்டுவது கட்டாயம், மண்ணும் தும்பும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பனஞ்சாறு நொதித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்றுதான் முட்டியில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குகிறார்கள். அப்படிப் பாடுபட்டு நொதிக்காமல் காத்ததை நாம் லண்டனில் யீஸ்ட்டுக்குக் கொடுக்கிறோம். பனங்கட்டியின் சுவை பீரில் தெரிய வேண்டுமென்றால் பிரைமிங்கில் வீணாக்காமல், அடுத்த ஸ்டவுட் (கறுப்பு பீர்) காய்ச்சும்போது அரைக் கிலோவைக் கொதியின் கடைசியில் போடுங்கள். வறுத்த மால்ட்டோடு அது சேரும் விதமே வேறு.

ஜெர்மன்காரங்க சர்க்கரையே போட மாட்டாங்களாமே, அவங்க பீர்ல மட்டும் எப்படி கேஸ்?

1516இல் பவேரியாவில் வந்த தூய்மைச் சட்டத்தின் வழிவந்த மரபில் பார்லி மால்ட், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் என்றுதான் பேச்சு. அதனால் நொதிக்காத வோர்ட்டை (மால்ட்டின் இனிப்புச் சாறு) கொஞ்சம் எடுத்து வைத்துப் பாட்டில் நாளன்று சேர்ப்பார்கள். அல்லது மும்முரமாக நொதித்துக்கொண்டிருக்கும் இளம் பீரைச் சேர்ப்பார்கள். வீட்டில் இதற்கு மாற்று, உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். அதில் யீஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களும் உண்டு என்பதால் சீனியைப்போல் ஒன்றரை மடங்கோ சற்று மேலோ தேவைப்படும். பிராண்டுக்குப் பிராண்ட் மாறுவதால் துல்லியம் கிடைக்காது. கொதிக்கும்போது பொங்கி அடுப்பை நாசமாக்கும். நுரை மென்மையாக இருக்கும் என்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் கண்டுபிடிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்பாவுக்கு சுகர். ஸ்டீவியா, லாக்டோஸ் மாதிரி எதையாவது வச்சு பிரைம் பண்ணலாமா?

கேஸே வராது. பீர் யீஸ்ட்டால் லாக்டோஸை உடைக்க முடியாது. ஸ்டீவியாவும் எரித்ரிட்டாலும் அதற்கு உணவே இல்லை. இனிப்புதான் மிஞ்சும். சீனி போட்டுப் பிரைம் செய்த பாட்டிலில் அந்தச் சீனி அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாகவும் கேஸாகவும் மாறிவிடும். லிட்டருக்கு 6 கிராம் சீனி ஆல்கஹாலை 0.4 சதவீத அளவுக்குக் கூட்டும். ஆனால் பீரிலேயே மால்ட்டின் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, ஆல்கஹாலும் இருக்கிறது. அப்பா குடிக்கலாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வாரமாச்சு, திறந்தா ‘புஸ்’ங்கற சத்தமே இல்ல. சீனி பத்தலையா?

முதலில் பாட்டில்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜனவரி மாதம் கராஜில் 8 டிகிரியில் வைத்தால் யீஸ்ட் தூங்கிவிடும். வீட்டுக்குள் 20 டிகிரி பக்கம் கொண்டுவந்து, தலைகீழாக ஒருமுறை புரட்டி, இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். திறப்பதற்கு முன் இரண்டு நாளாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். குளிரில்தான் கேஸ் பீரில் நன்றாகக் கரையும்.

8 சதவீதத்துக்கு மேற்பட்ட கனத்த பீர், மாதக்கணக்கில் குளிரில் வைத்த பீர் என்றால் யீஸ்ட் சோர்ந்திருக்கலாம். அவற்றுக்குப் பாட்டில் நாளிலேயே புது உலர் யீஸ்ட் 2 கிராம் சேர்ப்பது நல்லது. லாலமண்ட் நிறுவனத்தின் சிபிசி-1 இதற்கென்றே வருவது; மால்ட்டில் மிச்சமிருக்கும் மால்ட்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையை அது தொடாததால், நீங்கள் போட்ட சர்க்கரைக்கு மேல் கேஸ் ஏறாது. இதெல்லாம் சரியாக இருந்தும் கேஸ் இல்லையென்றால் மூடியைச் சந்தேகப்படுங்கள்.

சீனியைச் சரியா நிறுத்துத்தான் போட்டேன். ஆனாலும் பாட்டில் வெடிச்சிருச்சே, ஏன்?

பீர் முடிவதற்கு முன்பே அடைத்திருப்பீர்கள். பீரின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி, அதாவது 0.001, இறங்கினால் அரை வால்யூம் கேஸ். 1.010இல் நிற்க வேண்டிய பீரை 1.014இல் அடைத்துவிட்டால் மீதி நான்கு புள்ளியும் பாட்டிலுக்குள்தான் இறங்கும். அது மட்டும் 2 வால்யூம். நீங்கள் துல்லியமாக நிறுத்துப் போட்ட 2.4 அங்கே 4.4 ஆகிறது. சாதாரண 500 மில்லி கண்ணாடி பாட்டிலை 3 வால்யூமுக்கு மேல் நம்பக் கூடாது. ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது. மூன்று நாள் இடைவெளியில் இருமுறை ஹைட்ரோமீட்டர் ஒரே எண் காட்ட வேண்டும். சர்க்கரை வகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த அளவை எடுக்கச் சோம்பல்படுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் யீஸ்ட் ரகம். சைசோன் என்ற பெல்ஜிய பீருக்கான சில யீஸ்ட்டுகள் டயாஸ்டாட்டிகஸ் வகை. மற்ற யீஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினையும் அவை மெல்ல மெல்ல உடைத்துத் தின்னும். வாளியும் குழாயும் சரியாகக் கழுவப்படாமல் அடுத்த பீருக்கு அது ஒட்டிக்கொண்டால், மாதங்கள் கழித்து அழுத்தம் ஏறும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் பொங்கினால் அந்தப் பாட்டிலின் அழுக்கு. எல்லாமே பொங்கினால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று.

கோதுமை பீருக்கு 3.5 வால்யூம் வேணும்னா அப்ப என்ன பண்றது?

கணக்கு 243 கிராம் சீனி சொல்லும். அதைத் தாங்க பெல்ஜியன் பீர் அல்லது ஷாம்பெயின் வரும் கனத்த பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக் சோடா பாட்டிலும் தாங்கும், ஆனால் வெளிச்சம் படக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் 2.8இல் நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்கிறவர் யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

எந்தப் பீரானாலும் ஒரு பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் நிரப்பி வையுங்கள். அது கல்லுப்போல் விறைத்ததும் மற்றவையும் தயார் என்று தெரிந்துகொள்ளலாம்.

23 லிட்டருக்குச் சீனி போட்டேன். வண்டலை விட்டது போக 20 லிட்டர்தான் தேறிச்சு. இப்ப?

பேல் ஏல் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 142 கிராமை 20 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 7.1, மொத்தம் 2.6 வால்யூம் வரும், பாட்டில் தாங்கும். கோதுமை பீரில் இதே குளறுபடி நடந்தால் 3.5 எங்கேயோ போய் நிற்கும். கிட் சொல்லும் அளவை நம்பாமல், சீனி கலக்கும் வாளிக்குள் எவ்வளவு பீர் இறங்கும் என்று கோடு பார்த்துவிட்டு அதற்குச் சீனி நிறுங்கள்.

ஊர்ல அண்ணன் வீட்ல சொல்லிக்கொடுக்கலாம்னு பாக்கிறேன். செய்யலாமா?

பிரிட்டனில் 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டு பீருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கினார். அன்றிலிருந்து சொந்தக் குடிக்குத் தாராளமாகச் செய்யலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பதே குற்றம். அண்ணனை இங்கே கூட்டிவந்து குடிக்கக் கொடுங்கள்.

இரண்டு தடவை சீனி போட்டுட்டேன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. எல்லாம் மூடியாச்சு. காப்பாத்த வழி உண்டா?

அடைத்து ஓரிரு நாள்தான் ஆகிறதென்றால் உண்டு. கனத்த கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பாட்டில்களை முடிந்த அளவு குளிரவையுங்கள். குளிரில் யீஸ்ட் வேகம் குறையும், அழுத்தமும் இறங்கும். நன்றாகச் சில்லிட்டதும் ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் ஓப்பனரால் லேசாகத் தூக்கிக் கேஸை விட்டு, புது மூடி போட்டு அழுத்துங்கள். இரண்டு மூன்று நாள் அறை வெப்பத்தில் வைத்து, பிளாஸ்டிக் சோதனை பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, மறுபடி விறைத்திருந்தால் மறுபடி குளிரவைத்துக் கேஸை விடுங்கள்.

ஒரு வாரம் தாண்டிவிட்டது, அல்லது ஒரு பாட்டில் ஏற்கெனவே வெடித்துவிட்டது என்றால் கையால் தொடாதீர்கள். கனத்த போர்வையை மேலே போட்டு, வெளியே குளிர் இருந்தால் கதவு ஜன்னலைத் திறந்து அந்த அறையைக் குளிரவிட்டு, மறுநாள் முழுப் பாதுகாப்பு உடுப்போடு ஒவ்வொன்றாகத் தொட்டிக்கருகே திறந்து கொட்டிவிடுங்கள்.